பிள்ளைகளின் கையில் அகப்பை



தாராபுரத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டில் மாமியாரும் அவரும் மூன்று பிள்ளைகளும். "மௌலவி அவர்களே, விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. மன்னார் நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பிள்ளைகளுக்குச் சமையல் பழக்குகிறாராம். அதை வைத்து ஒரு நாள் எல்லோருமாக நகருக்குப் போய்வரலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் வேதக்காரப் பெண். அவருடைய குசினியில் நம் பிள்ளைகள் சமைத்துச் சாப்பிடலாமா? மகனும் வரவேண்டும் என்று அடம்பிடிக்கிறான். ஆண்பிள்ளைக்கு இது எதற்கு என்று மாமி கேட்கிறார். என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

வழக்கமாக இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நான்கு வரியில் கூடும், கூடாது என்று எழுதிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவேன். இந்தக் கடிதத்துக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. ஏனென்றால், கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் எங்கள் வீட்டிலும் இதே கேள்வி எழுந்தது. சகோதரியின் மாமி கேட்டதையே நானும் கேட்டேன். அதனால் சட்டத்தை மட்டும் சொல்லாமல் நடந்ததையும் சொல்கிறேன்.

முதலில் ஊர் சுற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் குடும்பங்களில் "ஒரு நாள் வெளியே போய்வருவோம்" என்று வாப்பாமார் அறிவித்துவிடுவார்கள். அன்றைய பாரம் முழுவதும் உம்மாவின் தலையில் விழும். அதற்கு முந்திய விடுமுறையில் நாங்கள் தலைமன்னார் இறங்குதுறையைப் பார்க்கப் போனோம். என் மனைவி தஹஜ்ஜுத் நேரத்தில் எழுந்து புரியாணி ஆக்கினார். கோழி பொரித்தார். தண்ணீர்ப் போத்தல், பாய், துவாய், சின்னவனுக்கு மாற்றுடுப்பு, தொழுகைக்கு விரிப்பு எல்லாம் கட்டினார். போன இடத்தில் பரிமாறினார். திரும்பி வந்து சட்டி கழுவினார். இரவு படுக்கும்போது பிள்ளைகளிடம், "கடல் நல்லா இருந்ததா?" என்று அவர் கேட்டதைக் கேட்டேன். அவரும் எங்களோடுதான் வந்திருந்தார்! சாப்பாட்டுப் பெட்டியைத் தவிர வேறெதையும் பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை வீடுகளில் இதுதான் நடக்கிறது என்பது இதைப் படிக்கும் சகோதரிகளுக்குத் தெரியும்.

ஆகவேதான் ஆகஸ்ட் விடுமுறைக்கு முன் என் மனைவி சொன்னார்: "இந்த முறை பகல் சாப்பாட்டைப் பிள்ளைகள் சமைக்கட்டும். நான் சும்மா வருகிறேன்." நகரில் இருக்கும் அந்த ஆசிரியையைப் பற்றி அவர் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். பாடசாலையில் மனைப்பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். விடுமுறை நாட்களில் ஆறேழு பிள்ளைகளை மட்டும் எடுத்துக் காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணி வரை தன் வீட்டுக் குசினியில் பழக்குகிறார். சமைத்ததை அங்கேயே பிள்ளைகளின் வீட்டாரும் உட்கார்ந்து சாப்பிடலாம். சாமான் செலவோடு சேர்த்து இரண்டு பிள்ளைக்குக் கேட்ட தொகை பெருநாளுக்கு ஒரு சோடிச் சப்பாத்து வாங்கும் காசைவிடக் குறைவு. ஹோட்டலில் ஆறு பேர் பகல் சாப்பாடு சாப்பிட்டிருந்தால் அதைவிடக் கூட வந்திருக்கும்.

மகள் போகட்டும், பதின்மூன்று வயதாகிறது என்றேன். புத்தளத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையின் மகளும் போகட்டும், அவளுக்குப் பதினொன்று. மகன்? பத்து வயதுப் பையன் பந்தடிக்கட்டும், குர்ஆன் ஓதட்டும், குசினியில் அவனுக்கு என்ன வேலை என்றேன். என் மனைவி அதிகம் பேசுகிறவர் அல்லர். "நீங்கள் அரபுக் கல்லூரியில் ஏழு வருஷம் இருந்தீர்களே, அங்கே உங்களுக்கு ஆக்கிப் போட்டது யார்?" என்று மட்டும் கேட்டார்.

அங்கே எங்களுக்கு ஆக்கிப் போட்டவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். நூற்றைம்பது பேருக்கு ஒரே சட்டியில் பருப்பு ஆக்குவார். வியாழக்கிழமைகளில் வெங்காயம் உரிக்க எங்களைத்தான் கூப்பிடுவார். சமையல் ஆண்களுக்கு ஆகாது என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கந்தூரிச் சோறு ஆக்குவதும் ஆண்கள்தான், கல்யாணப் புரியாணி போடுவதும் ஆண்கள்தான். ஊருக்கு ஆக்கினால் கௌரவம், வீட்டுக்கு ஆக்கினால் குறைவு என்று எப்போது முடிவு செய்தோம்?

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் எழுந்து போய்விடுவார்கள் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்ன செய்தி ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. இந்த ஹதீஸை நான் எத்தனை ஜும்ஆக்களில் சொல்லியிருப்பேன்! மிம்பரில் சொன்னது வீட்டு வாசலுக்கு வந்து நின்றபோது எனக்கே புதிதாகத் தெரிந்தது. மகனும் போவது என்று முடிவாயிற்று.

இனி சகோதரியின் மார்க்கக் கேள்வி. வேதக்காரரின் உணவு பற்றிய அனுமதி ஸூரத்துல் மாயிதாவில் இருக்கிறது. பாத்திரத்தைப் பொறுத்தவரை, நம்முடையது இல்லாத இடத்தில் அவர்களுடையதைக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். அங்கே பழக்குவது மீனும் மரக்கறியும் மாவும்தான். மீனுக்கு அறுப்பு என்ற கேள்வியே இல்லை. இறைச்சி சமைக்கும் நாள் என்றால் போகவேண்டாம், அல்லது இறைச்சியை நீங்களே வாங்கிக் கொண்டுபோங்கள். இனிப்புப் பண்டத்தில் ஜெலற்றின் சேர்ப்பார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக நம் வீடுகளில் பெருநாளுக்குக் காய்ச்சும் கடற்பாசியையே செய்யச் சொல்லலாம். இதெல்லாவற்றையும் முதல் நாளே தொலைபேசியில் மரியாதையாகக் கேட்டுவிட வேண்டும். போய் உட்கார்ந்த பிறகு தட்டைப் பார்த்து முகம் சுளிப்பது நம் மார்க்கம் சொல்லித்தந்த பழக்கம் அல்ல.

என் மனைவி கேட்டபோது அந்த ஆசிரியை சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன். "நான் முப்பது வருஷம் உங்கட பிள்ளைகளுக்குப் படிப்பிச்சனான் தங்கச்சி. உங்களுக்கென்று தனிச்சட்டி புதுசாவே வைச்சிருக்கிறன்" என்றாராம்.

நாளை எப்படி அமைத்தோம் என்பதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்தோம், ஜும்ஆவுக்காக நடுவில் ஓடவேண்டிவரும். ரமழான் விடுமுறையிலும் இதை வைக்கவேண்டாம். நோன்பு நாளில் தேவைக்காக நாக்கு நுனியில் உப்புப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று சட்ட நூல்களில் இருப்பது உண்மைதான், ஆனால் பத்து வயதுப் பையன் துப்புவான் என்று நான் நம்பமாட்டேன். ஆகஸ்டில் சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்கும், வெயிலும் கடுமை. அதனால் பதினொரு மணிக்கும் மூன்றரை மணிக்கும் இடையில் யாரும் வெளியில் நிற்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். சமையல் வகுப்பை நடுவில் வைத்து, அதற்கு முன்னால் ஓர் இடம், பின்னால் இரண்டு இடம். அதற்குமேல் ஒன்றுமில்லை. ஒரே நாளில் மடுவும் திருக்கேதீஸ்வரமும் அரிப்புக் கோட்டையும் கட்டுக்கரைக் குளமும் பார்க்க நினைக்கிறவர்கள் பஸ்ஸின் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள்.

பிள்ளைகளின் உடுப்பு முக்கியம். பெண்பிள்ளைகளின் முக்காட்டு நுனி தொங்கினால் அடுப்பில் பற்றிக்கொள்ளும், அதுவும் நைலோன் துணி என்றால் உருகி உடம்போடு ஒட்டும். பருத்தித் துணியில் முக்காடு போட்டு நுனிகளைப் பின்னால் ஊசியால் குத்திவிட்டோம். கை நீளச் சட்டையை முழங்கைக்கு மடக்கிக் கட்டினோம். கை சுட்டுவிட்டால் பற்பசையும் தேங்காய் எண்ணெயும் பூசுவது நம்மவர் வழக்கம். அது காயத்தைக் கெடுக்கும். ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும், ஐஸ் கட்டியும் வைக்கக் கூடாது. பெரிய காயமென்றால் தண்ணீரில் பிடித்த பிறகு ஆஸ்பத்திரி. இதை மூன்று பிள்ளைகளுக்கும் முதல் நாள் இரவே சொல்லிக் கொடுத்தேன். அல்ஹம்துலில்லாஹ், தேவைப்படவில்லை.

காலை ஏழு மணிக்கெல்லாம் எருக்கலம்பிட்டியிலிருந்து பஸ் ஏறினோம். என் உம்மாவையும் கூப்பிட்டேன். எழுபத்தெட்டு வயது. "நான் எதுக்கு, சமைக்கப் பழகவா?" என்று கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். தாராபுரத்துச் சகோதரி தன் மாமியைக் கட்டாயம் அழைத்துப்போக வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதல் இடம் உப்பளம். தெருவோரம் நின்றே பார்த்தோம். கடல்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடித்துவிட, மிஞ்சும் உப்பைக் கூட்டிக் குவிப்பதைப் பிள்ளைகள் அதுவரை கவனித்ததில்லை. பிறந்ததிலிருந்து அந்த வழியாகத்தான் போய்வருகிறார்கள்! கறியில் போடும் உப்பு கடையிலிருந்து வருகிறது என்றுதான் என் மகன் நினைத்திருந்தானாம்.

ஒன்பது மணிக்கு ஆசிரியையின் வீட்டுக்குப் போனோம். அவர் பிள்ளைகளை உடனே குசினிக்குள் விடவில்லை. முதலில் மீன் வாங்கக் கூட்டிக்கொண்டு போனார். கண் தெளிவாக இருக்கிறதா, பூ சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை திரும்பி எழும்புகிறதா என்று ஒவ்வொரு பிள்ளையையும் தொட்டுப் பார்க்கச் செய்தார். புத்தளத்து மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மகன் மட்டும் விளமீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "ஐயோ டீச்சர், இது பழசு!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டான். மீன்காரர் சிரித்துக்கொண்டே வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்.

அன்று சமைத்தவை புட்டு, மீன் பால்கறி, மாசிச் சம்பல், கடற்பாசி. புட்டு என்றால் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று எனக்கு நினைப்பு. வறுத்த சிவப்பரிசி மாவில் உப்புப் போட்டு, கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறுவதைப் பார்த்தபோதுதான், நான் நாற்பது வருடமாகப் புட்டுத் தின்றும் அது எப்படி வருகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை என்று தெரிந்தது. தண்ணீர் கூடினால் களி, குறைந்தால் மா. பிறகு சுண்டின் விளிம்பால் மாவைக் கொத்திக் கொத்திச் சிறுமணியாக்க வேண்டும். மகனுக்கு இந்த வேலை மிகவும் பிடித்துவிட்டது. கொத்துரொட்டிக் கடைக்காரன் மாதிரித் தாளம் போட்டுக் கொத்தினான். ஆசிரியை தடுக்கவில்லை. மகள் தேங்காய் துருவினாள், மருமகள் முதற்பாலும் இரண்டாம் பாலும் பிழிந்தாள்.

அவிக்க அவர் எடுத்தது குழாய் அல்ல, பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டி. பானை வாயில் பொருந்தும்படி அடி குவிந்து கூம்பாக இருக்கும். பனை நிறைந்த நம் தீவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பொருள், இப்போது தேடவேண்டியிருக்கிறது. அவருடைய பெட்டி பழையது, விளிம்பில் துணி வைத்துத் தைத்திருந்தார். 1990இல் படகேறி இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் இருந்த காலத்தில் இதைப் போன்ற ஒன்றில்தான் அவித்தேன் என்று, மாவை அமுக்காமல் தூவிக்கொண்டே சொன்னார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதே வருடம் நாங்கள் போன படகு வேறு திசையில் போனது.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு சிறு வேடிக்கை. மகன் தான் கொத்திய புட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துச் சகனின் மறுபக்கத்துக்குக் கையை நீட்டினான். சிறுவராயிருந்த உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்களின் கை தட்டில் அங்குமிங்கும் ஓடியபோது, பிஸ்மில்லாஹ் சொல்லி வலக்கையால் உனக்கு முன்னாலிருப்பதைச் சாப்பிடு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்ததை நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மருமகள் அவன் கையில் ஒரு தட்டுத் தட்டி, "உனக்கு முன்னால உள்ளதைத் தின்னுடா" என்றுவிட்டாள். ஹதீஸ் வேலை செய்துவிட்டது, நான் என் புட்டைச் சாப்பிட்டேன். பால்கறியில் உப்புக் கொஞ்சம் கூட. யாரும் குறை சொல்லவில்லை. என் மனைவி இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டார். தான் ஆக்காத சோற்றை, பரிமாறும் கவலை இல்லாமல், சூட்டோடு உட்கார்ந்து அவர் சாப்பிட்டதை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

லுஹருக்கு நானும் மகனும் மூர் வீதிப் பள்ளிக்குப் போனோம். பெண்கள் அதே பகுதியில் உள்ள உறவினர் வீட்டில் தொழுதுவிட்டு மூன்று மணிவரை ஓய்வெடுத்தார்கள். இந்த ஓய்வை யாரும் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் மாலையில் அழுவதும் வாப்பாமார் கத்துவதும் இது இல்லாததால்தான்.

அஸருக்குப் பிறகு பள்ளிமுனைப் பெருக்க மரம். அடியின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். அரபு வணிகர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. நகரத் தெருக்களில் நாம் கவனியாமல் கடந்துபோகும் கழுதைகளையும் அவர்களே கொண்டுவந்தார்கள் என்பார்கள். மூன்று பிள்ளைகளும் கைகோத்துப் பார்த்தார்கள், கால்வாசி கூட எட்டவில்லை. வணிகர்கள் கப்பலில் என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று மகள் கேட்டாள். பேரீச்சம்பழமும் கருவாடும் இருந்திருக்கும் என்று ஒருவாறு சமாளித்தேன். காலையில் சமையல் பழகிய பிள்ளை மாலையில் எதைப் பார்த்தாலும் சாப்பாட்டைத்தான் கேட்கும்.

கடைசியாகக் கோட்டை. போர்த்துக்கேயர் 1560இல் கட்டியது, ஒல்லாந்தர் 1658இல் பிடித்து 1696இல் திருத்திக் கட்டினார்கள். எனக்குக் கல்லில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. ஆனால் அங்கிருந்து பார்த்தால் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலமும் தாம்போதியும் தெரியும். பழைய பாலம் 1990இல் தகர்க்கப்பட்டு, புதியது 2010இல் திறக்கப்பட்டது. மருமகள் அதைப் பார்த்துக்கொண்டே, "மாமா, நீங்கள் எல்லாம் இந்தப் பாலத்தாலதான் புத்தளத்துக்குப் போனீர்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டியாராகிய நாங்கள் படகில் கற்பிட்டிக்குப் போனோம். எனக்கு அப்போது இவனுடைய வயது. புறப்படும் நேரத்தில் உம்மா குசினிக்குப் போனார். நேரமாகிறது என்று வாப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். உம்மா காலையில் ஆக்கிய சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, வழக்கம்போல் அடுப்புக் கல்லில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். மாலையில் திரும்பி வந்து ஆக்கப்போகிறவர் மாதிரி. அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பி வர இருபது வருடத்துக்கு மேலாயிற்று. வந்தபோது கூரையும் இல்லை, குசினியும் இல்லை.

பிள்ளைகள் அன்று சமைத்ததில் கொஞ்சத்தை ஆசிரியை வாழையிலையில் கட்டித் தந்திருந்தார். இரவு வீட்டுக்கு வந்ததும் மகன் நேராக உம்மாவிடம் ஓடி, "உம்மும்மா, நான் கொத்தின புட்டு!" என்று அவிழ்த்து வைத்தான். உம்மா விரலால் எடுத்து உதிர்த்துப் பார்த்தார். வாயில் போடவில்லை.

"யார் மாக் கொத்தினது?"

"நான்தான்."

"மணி பெரிசு. சுண்டைச் சரிச்சுப் பிடிக்க வேணும். எதில அவிச்சீங்க?"

"நீத்துப்பெட்டியில."

உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வாயில் போட்டுக்கொண்டார். புத்தளத்துக்குப் போன புதிதில் நீத்துப்பெட்டி கிடைக்காமல் பானை வாயில் துணி கட்டி, நிவாரணக் கோதுமை மாவை அவித்ததைச் சொன்னார். பிள்ளைகள் புட்டு என்று சொன்னால்கூட அதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்வார்கள் என்றார். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் நான். எனக்கு அது நினைவே இல்லை. அந்த முகாமில் உம்மா என்ன ஆக்கினார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இருபது வருடத்தில் அவர் எங்கள் ஊர்ச் சமையலில் பாதியை விட்டுவிட்டார் என்பதும் எனக்குத் தெரியாது. கஞ்சிப்பாசியைக் கடற்கரையில் பொறுக்கிக் கழுவிக் காய்ச்சுவது, கணவாய்க்குத் தேங்காய் வறுத்து அரைப்பது, ஒடியல் மாவில் கூழ் காய்ச்சுவது எல்லாவற்றையும் மகன் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே போனார். என் தங்கைக்கே இவற்றில் பல தெரியாது. புத்தளத்தில் பிறந்த அவளுடைய மகள் கொப்பியைக் கொண்டுவந்து எழுதத் தொடங்கிவிட்டாள். இஷா பாங்கு சொல்லிவிட்டது, யாரும் எழும்பவில்லை. நான்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

சகோதரி, உங்கள் மாமியை அழைத்துப் போங்கள் என்று நான் சொன்ன காரணம் இதுதான். ஆண்பிள்ளைக்கு எதற்கு என்று கேட்கிறவரை வாசலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆசிரியையின் குசினியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அவரே எழும்பி, "அப்படி இல்லை, இப்படி" என்று அகப்பையை வாங்கிக்கொள்வார். கணவர் வெளிநாட்டில் என்பதால் தயங்கவேண்டாம். மாமியும் துணைக்கு இருக்கிறார், போகும் தூரமும் அரைமணிப் பஸ் பயணம்தான். கணவர் தொலைபேசியில் பேசும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் சமைப்பதைப் படம் எடுத்து அனுப்பினால் அவருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். அங்கே தனியாக ஆக்கித் தின்னும் ஆண்களுக்கு இதன் அருமை நம்மைவிட நன்றாகத் தெரியும்.

செலவுக் கணக்கையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்பார்கள். எங்களுக்குப் பஸ், வகுப்பு, நகருக்குள் ஓட்டோ இரண்டு தடவை, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம். இவ்வளவுதான். தலைமன்னாருக்கு வான் பிடித்துப் போன நாளின் செலவில் பாதிகூட ஆகவில்லை. ஆகஸ்டுக்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் எங்கள் வீட்டில் மகன்தான் புட்டுக் கொத்துகிறான். மணி இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் விடுமுறைக்கு மருமகள் மறுபடியும் வருகிறாள். இந்த முறை உம்மா தானும் நகருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஆசிரியைக்குக் கொடுப்பதற்கென்று பக்கத்து வீட்டுக் கிழவியிடம் ஓலை வாங்கி, நடுங்கும் கையால் ஒரு நீத்துப்பெட்டி பின்னிக்கொண்டிருக்கிறார். விளிம்பு கட்டுவதுதான் பாக்கி.